மேல்பாதி கோவில் கதவும் ஓமந்தூர் விவசாயியும்

2025-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, வியாழக்கிழமை. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோவிலின் கதவு திறந்தது.

கோவில் கதவு திறப்பதும் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எல்லா ஊரிலும் காலையில் திறக்கிறார்கள், இரவில் சாத்துகிறார்கள். ஆனால் இந்தக் கோவிலுக்குள் பொதுஜனங்கள் காலடி வைத்து 22 மாதம் ஆகியிருந்தது. சர்க்காரே பூட்டி சீல் வைத்த கதவு அது. அன்று கதவு திறந்ததும் அந்த ஊர் ஆதிதிராவிட மக்கள் உள்ளே போனார்கள். அம்மனைக் கும்பிட்டார்கள். வெளியே போலீசார் காவல் நின்றார்கள்.

ஊர்த் தெருக்காரர்கள் பலர் வரவில்லை. நேற்றுவரை அந்தக் கோவிலே உலகம் என்று இருந்தவர்கள் அவர்கள். கதவு திறந்த அன்று அவர்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

வாசகர்களே, இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மேல்பாதி தகராறில் நாஸ்திகர் யாரும் இல்லை. இரண்டு பக்கமும் பக்தர்கள்தான். ஒரு பக்கத்தார் அம்மனைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மறு பக்கத்தார் அம்மனின் முறைமையைக் காக்க வேண்டும் என்றார்கள். ஆண்டவன் காரியத்தைத்தான் செய்கிறோம் என்று இரு சாராரும் மனதார நம்பினார்கள்.

அப்படியானால் உண்மையில் ஆண்டவனுக்குக் கருவியாக இருந்தவர் யார்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நடந்தது என்ன?

முதலில் சங்கதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2023 ஏப்ரலில் கோவில் திருவிழா நடந்தது. அப்போது ஆதிதிராவிட வாலிபர் ஒருவர் உள்ளே போனார். அவரைத் தடுத்துத் தாக்கினார்கள் என்று புகார் எழுந்தது. போலீசில் வழக்குகள் பதிவாயின. சாலை மறியல் நடந்தது. அதிகாரிகள் இரு தரப்பையும் அழைத்துப் பல தடவை பேசினார்கள். பேச்சு பலிக்கவில்லை. கடைசியில் 2023 ஜூன் 7-ந் தேதி விழுப்புரம் ஆர்.டி.ஓ. கோவிலுக்கு சீல் வைத்தார்.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஒரு நிலத்தையோ கட்டடத்தையோ பற்றித் தகராறு மூண்டு அமைதி கெடும் என்று தெரிந்தால், மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ளவர் தலையிட்டு அதைப் பூட்டலாம். அப்போது அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-வது பிரிவு அது.

விஷயம் ஐகோர்ட்டுக்குப் போனது. 2024 மார்ச்சில் ஐகோர்ட் உத்தரவுப்படி பூஜைக்கு மட்டும் கதவு திறந்தது. பூசாரி போவார், பூஜை செய்வார், திரும்பி வருவார். வேறு யாருக்கும் அனுமதி இல்லை. பக்தர்கள் இல்லாத கோவிலில் அம்மன் தனியே இருந்தாள். ஊர்த் தெருத் தாய்மார்களாலும் விளக்குப் போட முடியவில்லை. காலனித் தாய்மார்களாலும் முடியவில்லை. பிறகு ஒரு வருஷம் கழித்துத்தான் எல்லோருக்கும் வழி பிறந்தது.

ஒரு சின்ன கிராமக் கோவிலுக்காக அதிகாரிகள் ஏன் இவ்வளவு பயந்தார்கள் என்று சிலர் நினைக்கலாம். இந்த வட்டாரத்துக்குப் பழைய காயம் ஒன்று உண்டு. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்தில் நடந்த கலவரத்தில் ஆதிதிராவிடர் 12 பேர் கொல்லப்பட்டார்கள். கடைவீதியில் ஆரம்பித்த தகராறு அப்படி முடிந்தது. விழுப்புரத்தில் வேலை பார்க்கும் எந்த அதிகாரியும் அதை மறக்க முடியாது.

ஆளோலை

இந்த மண்ணுக்கு ஆண்டவன் ஆள் பிடித்த கதை புதிதல்ல. விழுப்புரம் மாவட்டத்தில்தான் திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் கதையை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். தள்ளாத கிழவர் ஒருவர் வருகிறார். கையில் ஓலை. "இவன் எனக்கு அடிமை" என்று வாதாடுகிறார். மாப்பிள்ளைக்குக் கோபம் வருகிறது. ஓலையைப் பிடுங்கிக் கிழித்தே போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. மூல ஓலை வெளியே வருகிறது. கிழவர் பக்கம் தீர்ப்பு ஆகிறது. கிழவர் யார் என்பது பிறகுதான் தெரிகிறது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அடிமை என்று சொன்னதும் சுந்தரர் ஆனந்தக் கூத்தாடவில்லை. எதிர்த்து வாதம் செய்தார். கல்யாணம் நின்று போயிற்று. நஷ்டம் அவருக்கு. அதற்குப் பிறகுதான் இசைந்தார்.

நம் கிராமங்களில் சாமி வந்து ஆடுகிறவரையும் பார்த்திருக்கிறோம். ஆடுகிற நேரத்தில் ஊரே அவர் காலில் விழும். சாமி மலையேறியதும் அவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ஏர் ஓட்டப் போய்விடுவார். மறுநாள் கடைத்தெருவில் நின்று, "நேற்று நான் சாமி, ஆகையால் எனக்கு முதல் மரியாதை" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும்.

மந்திரி பதவியிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான். மேல்பாதியில் இன்று பேசப்படும் உரிமையைச் சட்டமாக்கியவரும் அவர்தான்.

ஓமந்தூரார்

திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1895 பிப்ரவரி 1-ந் தேதி பிறந்தவர் ஓ.பி. ராமசாமி ரெட்டியார். ஊர்ப் பெயரே அவருக்குப் பெயராகிவிட்டது. சென்னைக்குப் போகிறவர்கள் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தையும், அங்குள்ள பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியையும் பார்த்திருப்பார்கள். அந்த ஓமந்தூரார் இவர்தான்.

அவருக்கு முன்னால் சென்னை மாகாணத்தை நடத்தியவர்களில் ராஜா இருந்தார்; பாரிஸ்டர் இருந்தார்; பெரிய வக்கீல் இருந்தார். ஓமந்தூராரோ கழனியில் வளர்ந்தவர். பெரிய பட்டம் எதுவும் பெற்றவர் அல்ல. கதர் வேட்டி, கதர் சட்டை. வடலூர் வள்ளலாரிடம் ஆழ்ந்த பக்தி. திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும் ஈடுபாடு. சுதந்திரப் போரில் ஈடுபட்ட காங்கிரஸ்காரர்.

1947 மார்ச் 23-ந் தேதி அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ஆனார். அந்தக் காலத்தில் மாகாணத் தலைமை மந்திரியை அப்படித்தான் அழைத்தார்கள். அவராகத் தேடிப் போன பதவி அல்ல அது. காமராஜரும் மற்றவர்களும் வற்புறுத்தினார்கள். சுந்தரரைப் போலவே, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, பிறகு இசைந்தவர்.

சரியாக 2 வருஷமும் 2 வாரமும் பதவியில் இருந்தார். அந்தக் கொஞ்ச காலத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 1947-லேயே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதே ஆண்டு பெண் குழந்தைகளைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வெகு காலமாகப் போராடிய விஷயம் அது. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதே 1948 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1949-ல் பாரதியார் பாட்டுக்களை சர்க்கார் விலைக்கு வாங்கிப் பொதுச் சொத்து ஆக்க முடிவு செய்தது.

உத்தியோகங்களைப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவையும் 1947-ல் அவர் அரசாங்கம் திருத்தியது. 14 உத்தியோகம் இருந்தால் அதில் ஆதிதிராவிடருக்கு 2, பிற்பட்ட இந்துக்களுக்கு 2 என்று இடம் ஒதுக்கியது. இது சிலருக்குக் கசந்தது. அவர்கள் அவருக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள் என்று சொல்வார்கள். என்ன பட்டம் தெரியுமா? "தாடி இல்லாத ராமசாமி!" தாடி உள்ள ராமசாமி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈரோட்டுப் பெரியார்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு அதிகாலையில் ஆண்டவனைத் தொழுகிறவர்கள் இருந்த சபையில், தெய்வ பக்தரான இந்த மனிதரை நாஸ்திகத் தலைவரோடு சேர்த்துப் பேசினார்கள்!

அவரிடம் சிபாரிசு செல்லாது. கட்சிக்காரர்கள் வந்து கேட்டாலும் செல்லாது. இதனால் சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களிலேயே பலருக்கு அவர் மீது மனத்தாங்கல். 1949 ஏப்ரல் 6-ந் தேதியோடு பதவி முடிந்தது. குமாரசாமி ராஜா அந்த இடத்துக்கு வந்தார்.

ஓமந்தூரார் பதவியைத் திரும்பப் பிடிக்க ஆள் சேர்க்கவில்லை. வடலூருக்குப் போனார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை ஏற்படுத்தி, பள்ளிக்கூடம், அனாதைக் குழந்தைகள் பராமரிப்பு என்று எஞ்சிய நாளைக் கழித்தார். 1970 ஆகஸ்ட் 25-ந் தேதி காலமானார்.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23-ந் தேதி தர்மசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசி என்று வந்தவரிடம் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. அந்த அடுப்புக்கு அரிசியும் பருப்பும் கொண்டுவந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாத குடியானவர்கள்தான். முன்னாள் பிரதம மந்திரியும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். சாமி மலையேறியதும் வேட்டியை உதறிக் கட்டிய மனிதர் என்று நான் சொன்னது இதைத்தான்.

சட்டம் எதுவரை போகும்?

ஆலயப் பிரவேசச் சட்டத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மேல்பாதியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

1939 ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஆதிதிராவிடத் தோழர்களையும் ஒரு நாடார் அன்பரையும் அழைத்துக்கொண்டு போனார். போனவர்களில் கக்கன் ஒருவர். பிற்காலத்தில் மந்திரியாக இருந்த அதே கக்கன்தான். கோவில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். ஆனால் கோவிலில் பரம்பரையாகப் பூஜை செய்த பட்டர்கள் பலர் பூஜைக்கு வர மறுத்தார்கள். தீட்டுப் பட்டுவிட்டது என்றார்கள். வழக்கு வந்தது. ராஜாஜி மந்திரிசபை அவசரச் சட்டம் போட்டு, கோவிலைத் திறந்தவர்களைக் காப்பாற்றியது. பிறகு அதையே சட்டம் ஆக்கியது.

ஆனால் 1939 சட்டத்தில் ஒரு குறை. கோவில் தர்மகர்த்தா சம்மதிக்க வேண்டும். கும்பிடுகிறவர்கள் எதிர்க்காமல் இருக்க வேண்டும். அதாவது உள்ளே இருப்பவர் மனது வைத்தால்தான் வெளியே இருப்பவர் வரலாம்.

1947 சட்டம் இதை மாற்றியது. சுதந்திரம் வருவதற்கு முன்பே, ஓமந்தூரார் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே அது வந்துவிட்டது. இந்து சமயத்தார் எவரும், எந்தச் சாதி ஆனாலும், பொதுக் கோவிலுக்குள் போகலாம். யாருடைய தயவும் தேவை இல்லை. தடுப்பதுதான் குற்றம். அப்போதைய சென்னை மாகாணம் பெரியது. ஆந்திராவின் ஒரு பகுதியும் மலபாரும் அதில் சேர்ந்திருந்தன. அத்தனைக்கும் ஒரே சட்டம்.

1950-ல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. ஆக, சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை மேல்பாதி விவகாரம் மேல்பாதி வாலிபர் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோவில் அது. இருந்தும் சட்டத்தைப் போட்டவர் பிறந்த மாவட்டத்திலேயே அது நடைமுறைக்கு வர 78 வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் போலீஸ் துணையோடு!

ஏன் இப்படி? நான் நினைப்பதைச் சொல்கிறேன். கிராமத்துக் கோவில் சாமி கும்பிடும் இடம் மட்டும் அல்ல. அது ஊரின் கணக்குப் புத்தகம். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி கொடுத்தவன் பங்காளி. பங்காளிக்குப் பேச்சு உண்டு. முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், தர்மகர்த்தா யார் என்றெல்லாம் அங்கேதான் முடிவாகும். பல ஊர்களில் காலனிக்காரர் வரி கொடுக்க முன்வந்தாலும் வாங்குவது இல்லை. வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டுமே! மேளம் அடிக்க வரலாம், வெளியே நிற்கலாம். உள்ளே வரக் கூடாது. ஆகவே தடுக்கிறவர் மனதில் பக்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்தியும் இருக்கிறது, பக்தியோடு சேர்த்துக் கட்டின மூட்டையில் சொத்துக்கணக்கும் இருக்கிறது. எது எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டையும் சேர்த்து 'அம்மன் கட்டளை' என்று சொல்லிவிடுகிறார்.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டவன் பெயரால் ஒருவர் ஒரு காரியம் செய்கிறார். அதற்கு யார் விலை கொடுக்கிறார்? ஓமந்தூரார் கொடுத்த விலை அவருடைய பதவி. வைத்தியநாத ஐயர் கொடுத்த விலை சொந்தச் சாதிக்காரர் பகை. மேல்பாதியில் உள்ளே போன வாலிபர் பட்டது அடி. விலை அவரவர் கையிலிருந்து போயிற்று. மாறாக, நான் ஆண்டவன் ஆள், ஆகவே நீ வெளியே நில் என்று சொல்லும்போது விலை எதிராளி கையிலிருந்து போகிறது. அப்போது ஆண்டவன்தான் கருவி. மனிதன் கையில் அகப்பட்டுக்கொண்ட கருவி!

இந்த அடையாளம் எல்லா இடத்துக்கும் பொருந்துமா? முழுக்கப் பொருந்தாது. தன் உயிரையே கொடுத்துத் தப்பான காரியம் செய்த பக்தர்களும் சரித்திரத்தில் உண்டு. விலை கொடுத்துவிட்டதாலேயே ஒருவர் கட்சி நியாயம் ஆகிவிடாது. ஆனாலும் கூட்டத்தில் நின்று கோஷம் போடும்போது, "இதில் என் கையிலிருந்து போவது என்ன?" என்று ஒருவர் தன்னைக் கேட்டுக்கொண்டால் பாதித் தகராறு அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

நடந்தே போனவர்கள்

கடல் கடந்து ஓர் உதாரணம். அமெரிக்காவில் மாண்ட்காமரி என்று ஒரு நகரம். அங்கே பஸ்ஸில் கறுப்பர்கள் வெள்ளையர்களுக்கு எழுந்து இடம் கொடுக்க வேண்டும். 1955 டிசம்பர் 1-ந் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண் எழுந்திருக்க மறுத்தார். சர்ச்சுக்குத் தவறாமல் போகும் பெண்மணி அவர். போலீசார் கைது செய்தார்கள். 4 நாளில் கறுப்பு ஜனங்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்தார்கள். சமையல்காரிகள், துணி துவைப்பவர்கள், கூலிக்காரர்கள் 381 நாள் வேலைக்கு நடந்தே போனார்கள். சிலர் சேர்ந்து கார் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மாலையில் சர்ச்சில் கூடினார்கள், பிரார்த்தனை செய்தார்கள், மறுநாள் மறுபடி நடந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியார் பெயர் உலகுக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் கால் வலித்தது பெயர் தெரியாத அந்த ஜனங்களுக்கு. கோர்ட்டும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆயிற்று.

அங்கேயும் ஒரு வித்தியாசம். பஸ் கம்பெனிக்கு டிக்கெட் காசு வேண்டும். ஆகவே கம்பெனி இறங்கி வந்தாக வேண்டும். மேல்பாதியில் அப்படி ஒரு பிடி இல்லை. ஊர்த் தெருக்காரர் கோவிலுக்கு வராமலே இருந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? உள்ளே வராதே என்று தடுப்பவரைப் போலீஸ் விலக்கலாம். வா, வந்து பக்கத்தில் நின்று கும்பிடு என்று எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது.

மதுரையிலும் முதலில் இதுதான் நடந்தது. வர மறுத்தவர்கள் இருந்தார்கள். கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1946-ல் காந்தி மதுரைக்கு வந்து மீனாட்சியைத் தரிசித்தார். ஆதிதிராவிடர் போக முடியாத கோவிலுக்குள் தானும் போவதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர் அவர். இன்று சித்திரைத் திருவிழாவில் பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்பவர் என்ன சாதி என்று யார் பார்க்கிறார்கள்? அன்று கோபித்துக்கொண்டு போனவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு, தாத்தா எதற்காகக் கோபித்தார் என்பதே சரியாகத் தெரியாது. ஆனால் மதுரை பெரிய பட்டணம். ஒரு கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அங்கே காலம் மெதுவாகத்தான் நகரும்.

அம்மன் யார்?

திரௌபதி அம்மனுக்குத் தாய்நாடு போன்றது இந்த வட்டாரம். செஞ்சிக்கு அருகே மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோவிலை இந்த வழிபாட்டின் மூலஸ்தானம் என்றே பலர் கருதுகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்தில் எந்தத் திசையில் போனாலும் நாலைந்து ஊருக்கு ஓர் அம்மன் கோவில் இருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் தீமிதி. சின்ன வயதில் விடியவிடியக் கண் விழித்துக் கூத்துப் பார்த்தவர்களுக்கு அரவான் களப்பலி மறக்காது. பாண்டவர் ஜெயிக்க ஒரு வீரனைப் பலி கொடுக்க வேண்டும். அரவான் தானே முன்வருகிறான். யாரோ இழுத்துவந்து கட்டிவைத்த பலி அல்ல அது. கூத்து மேடையில் அந்தக் கட்டம் வரும்போது முன்வரிசைப் பாட்டிமார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

இந்த அம்மன் யார்? சபையில் அவமானப்பட்ட பெண். எல்லோரும் பார்த்திருக்க, அந்தஸ்தில் பெரியவர்கள் தலை குனிந்து சும்மா இருக்க, நியாயம் கேட்டு நின்றவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோவில்கள் பலவற்றில் முத்தால ராவுத்தன் என்று ஒரு காவல் தெய்வம் உண்டு. ராவுத்தன் என்ற பெயரே சொல்லும். அவர் ஒரு முஸ்லிம் குதிரை வீரர். அம்மனிடம் பக்தி பூண்டு அவளுக்குக் காவல் நிற்பவர் என்று ஐதீகம். முஸ்லிம் வீரனைத் தன் வாசலில் காவலுக்கு வைத்துக்கொண்ட அம்மனுக்கு, பக்கத்துத் தெருக் குழந்தை கற்பூரம் ஏற்றினால் தீட்டு வந்துவிடும் என்று எந்தப் பாரதப் பிரசங்கியாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

பூட்டைச் சர்க்கார் திறந்தாயிற்று. ஆனால் திருவிழாவைச் சர்க்கார் நடத்த முடியாது. தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்ள ஆள் வேண்டும். குழிக்கு வண்டி வண்டியாக விறகு வேண்டும். கடைசி நாள் படுகளத்துக்குத் துரியோதனன் உருவம் செய்ய வேண்டும். தெரு அகலத்துக்குப் படுத்திருக்கும் மண் பொம்மை அது. அதற்கு ஏரியிலிருந்து கூடை கூடையாக மண் வர வேண்டும். மண் கூடையைத் தானே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்வது கஷ்டம். பக்கத்தில் ஓர் ஆள் கை கொடுத்து ஏற்றிவிட வேண்டும். ஓமந்தூரார் சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை. மேல்பாதியில் அந்தக் கையை நீட்டும் முதல் ஆள் ஊர்த் தெருவிலிருந்து வருவாரா, காலனியிலிருந்து வருவாரா?